ஐந்து நாள் மாத்திரை

(ஏப்ரல் 14ஐ ஒட்டி மாணவர் விடுதி ஒன்றில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னை இங்கே கவிதை வாசிக்கத்தான் அழைத்தார்கள். நோட்டீசிலும் கவிஞர் என்றுதான் போட்டிருக்கிறது. பக்கத்தில் வங்கிப் பெயரைப் போடாமல் விட்ட தோழருக்கு நன்றி. ஆனால் இன்றைக்கு நான் கவிதை வாசிக்கப்போவதில்லை. மாத்திரையைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகிற ஆளின் கையில் கொடுத்தனுப்புகிறார்களே, அந்த மாத்திரை. அண்ணல் பிறந்தநாளில் பேசுகிற விஷயமா இது என்று முன்வரிசையில் இருக்கிற அண்ணன் நினைக்கலாம். பேசுகிற விஷயம்தான். கொஞ்சம் பொறுங்கள்.

நம்முடைய போராட்டங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நுழைவுப் போராட்டங்கள். தெருவில் நுழைவது, குளத்தில் இறங்குவது, கோயிலில் நுழைவது, பள்ளிக்கூடத்தில் நுழைவது. 1927ல் மகாடில் பாபாசாகேப் குளத்தில் இறங்கி நீர் அள்ளிக் குடித்தது இங்கே எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் 1923ல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே கொண்டுவந்து நிறைவேறிய ஒரு தீர்மானம் இருக்கிறது. அதில் குளம், கிணறு, சத்திரம் மட்டும் இல்லை. பள்ளிக்கூடம், நீதிமன்றம், அலுவலகம் என்று போய், மருந்தகம் என்றும் ஒரு சொல் இருக்கிறது. பொதுப்பணத்தில் நடக்கிற மருந்தகங்களும் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். தண்ணீரை நாம் ஞாபகம் வைத்துக்கொண்டோம். மருந்து அப்படியே விட்டுப்போய்விட்டது.

சட்டமும் அப்படித்தான். 1955ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாவது பிரிவு, ஆஸ்பத்திரியிலும் மருந்தகத்திலும் தீண்டாமையின் பேரால் சேர்க்க மறுத்தால் தண்டனை என்கிறது. 1989ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015ல் திருத்தியபோது ஆரம்ப சுகாதார நிலையத்தையும் அதில் சேர்த்தார்கள். நுழைய விடாமல் தடுத்தால் குற்றம். 1996ல் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியாகத் திருப்பி அனுப்பினார்கள். வழக்குப் போட்டது விவசாயத் தொழிலாளர் சங்கம். அவசரச் சிகிச்சையை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மறுப்பது என்று தீர்ப்பு வந்தது. எல்லாம் சரி. எல்லாம் உள்ளே போகிற வாசலைப் பற்றியது. வெளியே வருகிற வாசலை யார் பார்த்தார்கள்? ஆள் உள்ளே போய்விட்டான், பிழைத்துவிட்டான், வெளியே வருகிறான். கையில் என்ன இருக்கிறது?

எங்கப்பா கதையைச் சொல்கிறேன். சொல்லாமல் இதைப் பேச முடியாது.

எங்கப்பா கரும்பு வெட்டப் போகிறவர். 2024 பிப்ரவரியில் ஒருநாள் காலையில் கட்டுத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் டூவீலரில் நடுவில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இசிஜி எடுத்தார்கள். 2023ல் அரசு 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாரடைப்பு மாதிரி தெரிந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்னால் அங்கேயே மாத்திரை கொடுத்துவிட வேண்டும். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. ஆக 14. அப்பாவுக்கும் கொடுத்தார்கள். "ஒரு கை அள்ளி வாயில போட்டாங்கடா, பொரி மாதிரி" என்று பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார். 108 வந்தது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊர் பேர் வேண்டாம். அன்று சாயந்திரத்துக்குள் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். காப்பீட்டு அட்டை இருந்தது. ஒரு பைசா செலவில்லை.

இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்க தாத்தாவுக்கு இதே வலி வந்தபோது அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஊர்த்தெரு வழியாகப் போக முடியாமல் ஏரிக்கரையைச் சுற்றிப் போனார்கள். வழியிலேயே போய்விட்டார். பேரன் காலத்தில் ஒரு கூலிக்காரனின் நெஞ்சுக்குழாய்க்குள் கம்பிவலை போகிறது. இதற்குப் பின்னால் எத்தனை பேருடைய போராட்டம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

ஏழாம் நாள் டிஸ்சார்ஜ். சனிக்கிழமை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் காலை ஒன்பதரைக்கு "நீங்க போலாம்" என்று சொல்லிவிட்டார். சம்மரி எழுதி, கையெழுத்தாகி, சீல் வைத்து அம்மா கைக்கு வரும்போது பன்னிரண்டே கால். அம்மா வராந்தாவில் நிற்கிறாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான், "ஏம்மா நிக்கிற? பன்னெண்டரைக்கு மருந்து கவுண்டர மூடிருவாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழம. ஓடு" என்றிருக்கிறாள். அரசு ஆஸ்பத்திரிகளில் உண்மையான விசாரணை அலுவலகம் எது என்று கேட்டால் துடைப்பம் இருக்கிற இடம்தான். ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்கிற நம் பெண்கள் அங்கே எத்தனை பேரைக் காப்பாற்றுகிறார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

அம்மா ஓடினாள். மருந்தாளுநர் சம்மரியை வாங்கிப் பார்த்தார். அதே பெயரில் வார்டில் இன்னொருவர் இருந்ததால், "எந்த ஆளும்மா, காலனியா?" என்று முகவரியைப் படித்துக் கேட்டாராம், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி. (2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது. அம்மா நின்ற அன்றைக்கு அந்தச் சொல் இருந்தது.) நான்கு வகை மாத்திரை. பட்டையைக் கத்தரியால் வெட்டி வெட்டிப் போட்டார். "அஞ்சு நாளைக்கு இருக்கு. மீதிய உங்க ஊர் பீஎச்சில வாங்கிக்க. அடுத்த ஆள்." ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள், மணி பன்னிரண்டு இருபத்தைந்து. அந்த மனிதரை நான் குற்றம் சொல்லவில்லை. நானும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன்தான்.

பட்டையை வெட்டினால் என்ன ஆகும் தெரியுமா? மருந்தின் பெயர் ஒரு துண்டில் போகும், காலாவதி தேதி ஒரு துண்டில் போகும், 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்பது மட்டும் எல்லாத் துண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும். சம்மரியில் மாத்திரைக்கு நேராக எழுதியிருந்தது 1-0-1. இன்னொன்றுக்கு 0-1-0. இன்னொன்றுக்கு 0-0-1. குளோபிடோக்ரலுக்கு 1-0-0. காலை, மதியம், இரவு என்று உங்களுக்குப் புரிகிறது. அம்மாவுக்கு அது நூத்தியொண்ணு, பத்து, ஒண்ணு, நூறு. "நூத்தியொண்ணு மொய் எழுதற கணக்கு மாதிரி இருக்குதேடா" என்று பிறகு என்னிடம் சொன்னாள். பெரிய தொகை எழுதியிருப்பது முக்கியமான மாத்திரை என்று அவளாகவே முடிவுசெய்து, நான்கையும் நான்கு தீப்பெட்டியில் போட்டு, பெட்டி மேல் கரியால் கோடு இழுத்து வைத்திருந்தாள். ராத்திரி போட வேண்டியதைக் காலையில் கொடுத்தாள். அதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கேடு வேறிடத்திலிருந்து வந்தது.

ஆறாம் நாள் அப்பா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். மூன்று மாத்திரை கொடுத்தார்கள். நாலாவது, குளோபிடோக்ரல், கொடுக்கவில்லை. இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் அது நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு என்று வைத்திருப்பது, மாதாந்திரத்துக்குக் கொடுக்கக் கணக்கில் வழியில்லை என்றார்கள். "பெரியாஸ்பத்திரி மருந்து இது, அங்கயே வாங்கிக்குங்க. இங்க வலி வந்தா குடுப்போம்."

வலி வந்தால் கொடுப்போம். அந்தப் பெண் கேலியாகச் சொல்லவில்லை. அவள் மேசையில் இருக்கிற பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. உள்ளே போகிற வாசலில் கை நிறைய அள்ளிக் கொடுத்த அதே மாத்திரை, வெளியே வருகிற வாசலில் ஒன்றுகூடக் கிடையாது.

பெரியாஸ்பத்திரி எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ். ஒருநாள் கூலி போகும். அம்மா மட்டும் ஒருதடவை போனாள். ஆளைக் கூட்டிக்கொண்டு வா, டாக்டர் பார்த்துப் புதுசீட்டு எழுதினால்தான் மருந்து என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா சொன்னாராம், "நாலுல மூணு குடுத்துட்டாங்க. நாலாவது என்னா பெரிய மாத்திர. நான் நல்லாத்தான இருக்கேன்."

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வேறு மாவட்டத்தில் கிளையில் இருந்தேன். மார்ச் மாதம். வங்கியில் மார்ச் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். தம்பி டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். ஆங்கிலம். படித்தேன். மருந்துகளின் பெயரைப் படித்தேன், ஒரு வருடம் தொடரவும் என்று எழுதியிருந்ததையும் படித்தேன். எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறார்களே என்று ஒரு பட்டதாரியின் திருப்தியோடு போனை வைத்துவிட்டேன். எத்தனை நாள் மாத்திரை கையில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வாரத்துக்கு இரண்டுமுறை பேசுவேன். மாத்திரை போடுறியாப்பா என்று கேட்பேன். போடுறேன் என்பார். பொய் இல்லை. மூன்று போட்டார். அந்த நாலாவது மாத்திரை வெளிக்கடையில் ஒன்று ஒரு டீ விலைகூட வராது. என் சம்பளத்தில் பெட்டி பெட்டியாக வாங்கி அனுப்பியிருக்கலாம். கேட்டால் நான் செலவு செய்வேன் என்பதால்தான் அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த இருபத்தெட்டாம் நாள் போய்விட்டார். இந்தமுறை சுகாதார நிலையம் வரைக்கும்கூடப் போகவில்லை.

அந்த மாத்திரையை நிறுத்தியதால்தான் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை, நானும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அரசு டாக்டராக இருக்கிற தோழர் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு விளக்கினார். குழாயில் வைத்த வலை உடம்புக்கு அந்நியப் பொருள். அதன்மேல் உட்தோல் மூடி வளரும்வரை ரத்தம் அங்கே உறைந்து கட்டிக்கொள்ளப் பார்க்கும். ஆஸ்பிரினோடு இந்த மாத்திரையும் சேர்ந்துதான் அதைத் தடுக்கிறது. முதல் மாதத்தில் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்துவது மிகவும் ஆபத்து. வலையே அடைத்துக்கொள்ளும். இதை ஒரே ஒரு வாக்கியமாக, தமிழில், எங்கம்மாவிடம் யாராவது சொல்லியிருந்தால் அவள் தாலியை அடகு வைத்தாவது வாங்கியிருப்பாள். அந்த அடகை நானே என் கவுண்டரில் எழுதுகிறவன், எனக்குத் தெரியாதா?

இதைக் கவிதையாக எழுதிப் பார்த்தேன். நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் அப்பா ஒரு படிமமாக மாறிக்கொண்டே போனார். கிழித்துவிட்டேன். அதனால்தான் இன்றைக்குக் கவிதை இல்லை.

இப்போது என் தொழில் கண்ணால் இதைப் பார்க்கிறேன். வங்கிக் கவுண்டரில் ஒரு பலகை தொங்கும், பார்த்திருப்பீர்கள்: கவுண்டரை விட்டு அகலும் முன் பணத்தை எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளவும். பணம் வாங்குகிறவனுக்கு நின்று எண்ணுகிற உரிமை இருக்கிறது. முதியோர் உதவித்தொகை வாங்க வருகிற கிழவிகூட எச்சில் தொட்டு எண்ணிவிட்டுத்தான் போவாள். எண்ணத் தெரியாவிட்டால் என்னையே இரண்டாம் முறை எண்ணச் சொல்வாள். மருந்துக் கவுண்டரில் அப்படி நின்று எண்ண முடியுமா? எது எதற்கு என்று கேட்க முடியுமா? பணத்தில் நூறு ரூபாய் குறைந்தால் நூறு ரூபாய்தான் போகும்.

இன்னொன்று. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல் ஆரம்பித்தது. மாநிலம் முழுவதற்கும் மருந்தை மொத்தமாக டெண்டரில் வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறது. பிறகு கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் மாநிலத்தில் கழகம் அமைத்தன. அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று ஒதுக்கீடு இருக்கும். கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்க அதில் கழிப்பார்கள். அருமையான முறை. ஆனால் பாஸ்புக் வைத்திருக்கிறவனின் மனநிலை எனக்குத் தெரியும். பதினைந்து வருடமாக அதைத்தான் பார்க்கிறேன். இருப்பு குறையக் குறையக் கை சுருங்கும். முப்பது நாள் மாத்திரையைப் பெரியாஸ்பத்திரி கொடுத்தால் அது பெரியாஸ்பத்திரி புத்தகத்தில் கழியும். ஐந்து நாள் கொடுத்துவிட்டுச் சுகாதார நிலையத்துக்குத் தள்ளினால் அவர்கள் பாடு. இது என் ஊகம்தான். யாராவது மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பாஸ்புக் இருக்கிறது. இரண்டு ஆஸ்பத்திரிக்கு நடுவே பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற எங்கப்பா எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சரி, இதில் சாதி எங்கே வந்தது? இது எல்லா ஏழைக்கும் நடப்பதுதானே என்று கேட்பீர்கள். நம் இடதுசாரித் தோழர்கள் நிச்சயம் கேட்பார்கள். எல்லா ஏழைக்கும்தான். மறுக்கவில்லை. ஆனால் ஊர்த்தெரு ஏழைக்கு மருந்துக்கடை வைத்திருக்கிற பங்காளி ஒருவன் இருப்பான், ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒரு நர்ஸ் இருப்பாள், ‘இந்தாண்ணே இத மட்டும் நிறுத்திடாத' என்று சொல்ல ஒரு வாய் இருக்கும். சாதி என்பது அடிக்கிற கை மட்டும் இல்லை தோழர்களே. யார் காதில் எந்தச் செய்தி விழும், யார் காதில் விழாது என்கிற ஏற்பாடும் அதுதான். எங்கள் தெருவில் அன்றைக்கு டிஸ்சார்ஜ் சம்மரி படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஓசூரில் கம்பெனியில் இருந்தான். இன்னொருவன் நான்.

தொடாமையும் போய்விடவில்லை. எங்க ஆயா சொல்வாள், அவள் காலத்தில் மிக்சர் மருந்துக்கு நாமே பாட்டில் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் மேலேயிருந்து ஊற்றுவான், பாட்டில் வாயில் படாமல். பாதி கையில் வழியும். வழிந்ததை நக்கிக்கொள்வாளாம், மருந்தாச்சே. 2010ல் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகள் மருத்துவம் பெறுவதைப் பற்றி சங்கமித்ரா ஆச்சார்யா என்கிற ஆய்வாளர் செய்த ஆய்வு ஒன்று வந்தது. பாகுபாடு அதிகம் நடக்கிற இடங்களில் முதலில் வந்தது மருந்து கொடுக்கிற இடம். முக்கியமான வடிவம் தொடாமல் இருப்பது. வைத்தியம் பார்க்கிற இடத்தைவிட மருந்து கைமாறுகிற இடம். யோசித்துப் பாருங்கள், கையும் கையும் சந்திக்கிற இடம் அதுதான்.

இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று எங்கள் ஊரில் நடக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். எங்கள் ஊரில் கொண்டுவந்து கொடுக்கிறவள் எங்கள் தெருப்பெண். ஊர்த்தெருவில் வாசலில் நின்றுதான் கொடுக்கிறாள். மாத்திரைப் பட்டையை அவள் கையிலிருந்து நேராக வாங்கிக்கொள்கிறார்கள். ஈயத்தாளில் அடைத்திருப்பதால் தீட்டு உள்ளே போகாது போலிருக்கிறது. தண்ணீர் கேட்டால் மட்டும் சொம்பு வராது. நான் இதைச் சொல்ல வந்தது சிரிப்புக்காக இல்லை. வீட்டுவரைக்கும் மருந்து வர முடியும், ஆள் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, பை இருக்கிறது. எங்கப்பாவின் மூன்று மாத்திரையில் பிரஷர் மாத்திரையை அவளே கொண்டுவந்து கொடுத்திருப்பாள். நாலாவது அவள் பையில் இல்லை.

முடியாத காரியமும் இல்லை. 2011ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் பிரசவித்த பெண்ணுக்கு மருந்து, சாப்பாடு மட்டுமில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவதும் அவளுடைய உரிமை என்று எழுதியிருக்கிறது. ஆக வெளியே வருகிற வாசலை யாரோ ஒருதடவை யோசித்திருக்கிறார்கள். 2017ன் மனநலச் சட்டத்தில், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும் எல்லா நேரத்திலும் இலவசமாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. எல்லா நேரத்திலும். அந்த இரண்டு வார்த்தையை இதய நோயாளிக்கும் வலிப்பு நோயாளிக்கும் எழுதினால் என்ன? வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். அதுவும் மூன்று நாள், ஐந்து நாள் கணக்கில் கொடுக்கிற விஷயமா?

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. 2018ல் வந்த ஒன்றிய அரசின் காப்பீடு, தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டோடு சேர்த்து நடக்கிறதே, அதன் விதியில் ஆஸ்பத்திரியைவிட்டு வந்த பிறகு 15 நாள் மருந்துச் செலவும் தொகுப்புக்குள் அடக்கம் என்று இருக்கிறது. ஐந்து இல்லை, பதினைந்து. நான் இதை எப்போது படித்தேன் தெரியுமா? அப்பாவுக்குக் கருமாதி முடிந்து, அவருடைய காப்பீட்டு அட்டையைப் பெட்டியில் வைக்கப்போனபோது, இதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று தேடிப் படித்தேன். விதிமுறைகளை வரிக்குவரி படித்துக் கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம். கடன் பத்திரத்தில் ஒரு காற்புள்ளி மாறினால் கண்டுபிடிப்பேன்.

பதினைந்தும் போதாது. முப்பது நாள் மாத்திரை, கவுண்டரில் இல்லை, வார்டில், கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பட்டையை வெட்டக்கூடாது. வெட்டினால் தமிழில் பெயர் எழுதிய உறையில் போட வேண்டும். 1-0-1 வேண்டாம், சூரியன் படம் போடு, நிலா படம் போடு. 'சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை' என்று எழுதுகிறவர்கள் இந்த ஆள் எத்தனை வேளை சாப்பிடுகிறான் என்று ஒருதடவை கேட்க வேண்டும். நிறுத்தக்கூடாத மாத்திரை எது என்று சிவப்பில் எழுத வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கே அந்த ஆளின் சுகாதார நிலையத்துக்கு, இந்த ஆள் வருகிறார், இந்த மருந்தைத் தருவித்து வை என்று சொல்ல வேண்டும். டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறம் மாறும், நிறத்தை வைத்தே அடையாளம் தெரிந்த என் அம்மா மாதிரி ஆட்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை பன்னிரண்டரைக்குப் பிறகும் மனிதர்கள் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதை நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த விடுதிக்கு 2025ல் சமூக நீதி விடுதி என்று பேர் வைத்தார்கள். உள்ளே வரும்போது பார்த்தேன், பலகை புதுசு, குழாய் பழைய குழாய்தான். அது வேறு கூட்டத்தில் பேச வேண்டியது. இங்கே நர்சிங் படிக்கிறவர்கள் ஒன்பது பேர், பார்மசி படிக்கிறவர்கள் நாலு பேர் என்று தோழர் சொன்னார். உங்களிடம்தான் கேட்கிறேன். தானதர்மம் கேட்கவில்லை. மாத்திரை வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. அது என் சம்பளத்தால் ஆகாது, உங்கள் உதவித்தொகையாலும் ஆகாது. இரண்டு வேலை.

ஒன்று, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு எத்தனை நாள் மருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்கிற உத்தரவின் நகல் வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் காப்பீட்டில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய குளோபிடோக்ரல் எத்தனை. கிளார்க் வேலை பார்த்த புத்தியில் சொல்கிறேன், கேள்வியை எண்ணிக்கையாகக் கேளுங்கள். விளக்கமாகக் கேட்டால் விளக்கமாக ஏமாற்றுவார்கள். மனு எழுதித் தயாராக வைத்திருக்கிறேன், பத்து ரூபாய் கட்டணம் ஒட்டுவது மட்டும் பாக்கி. என் பேரில் போட அலுவலக அனுமதி அது இது என்று இழுப்பார்கள். உங்களில் ஒருவர் பேர் வேண்டும்.

இரண்டு, வருகிற சனிக்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில், வெளியே வருகிற வாசலில், நிற்கப்போகிறோம். கோஷம் கிடையாது. கையில் காகிதமும் பேனாவும். வெளியே வருகிறவரிடம் சம்மரியை வாங்கி, அவருக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பது, கையில் எத்தனை நாள் மருந்து இருக்கிறது என்று நம் நோட்டில் குறித்துக்கொள்வது. எந்த மாத்திரை எதற்கு என்பதைப் படிக்கிற பிள்ளைகள் மட்டும் எழுதுங்கள், சந்தேகம் வந்தால் டாக்டர் தோழருக்குப் போன் போடுங்கள், நாமாக எதையும் மாற்றிச் சொல்லக்கூடாது. செக்யூரிட்டி வந்து விரட்டினால் ரோட்டோரம் வந்து நில்லுங்கள், ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது.

இதுவரை பதினொரு பேர் பேர் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். ரவுண்ட்ஸ் ஒன்பதுக்கு ஆரம்பிக்கும், நாம் எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ் ஆறு பத்துக்கு. கார்பன் பேப்பர் நான் கொண்டுவருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், தரை துடைத்த அந்தப் பெண்ணை ஒருதடவை பார்க்க வேண்டுமாம்.